மலை இல்லாத ஊருக்கு மலைப்பெயர்: முதுகுன்றம் விருத்தாசலம் ஆன கதை

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு விருத்தாசலம் ஜங்ஷன் நன்றாகத் தெரியும். சேலம் பக்கமும் கடலூர் பக்கமும் வண்டி மாறுகிறவர்கள் இங்கேதான் இறங்க வேண்டும். பீங்கான் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த ஊர் தெரியும். கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர், ஜாடி என்று பலதும் சுட்டெடுக்கும் சூளைகள் உள்ள ஊர். பீங்கான் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசு கல்வி நிலையமே இங்கே இருக்கிறது.

ஸ்டேஷனில் இறங்கி நாலு பக்கமும் பார்த்தால் வயல், வீடு, கோயில் கோபுரம், மணிமுத்தாறு எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. மலை! மலை என்று சொல்லும்படி ஒன்றைப் பார்க்க மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் போக வேண்டும். ஆனால் ஊரின் பெயர் என்ன? விருத்தம் + அசலம். 'பழைய மலை'.

இல்லாத மலைக்கு எப்படிப் பெயர் வந்தது? அதைவிட முக்கியமான கேள்வி, 'மலை' என்ற பொருளுக்கு ஒரு மொழியில் சொல் எப்படிப் பிறக்கிறது? அந்தச் சொல்லை இன்னொரு மொழிக்கு மாற்றினால் எது வந்து சேர்கிறது, எது வழியில் விழுந்துவிடுகிறது? இந்த ஒரு ஊரின் பெயரை வைத்தே இதையெல்லாம் பார்க்கலாம்.

ஒரே ஊர், மூன்று பெயர்

இந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவருமே இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். நடுநாட்டுத் தலங்களில் முக்கியமானது இது. 10-ஆம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவி இங்கே கற்றளி எடுப்பித்தார்.

இரண்டாவது பெயர் பழமலை. சுவாமிக்குப் பழமலைநாதர் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவப்பிரகாசர் இந்தத் தலத்தின்மேல் 'பழமலை அந்தாதி' பாடினார்.

மூன்றாவது பெயர்தான் விருத்தாசலம். அதன் இன்னொரு வடிவம் விருத்தகிரி. சுவாமி விருத்தகிரீஸ்வரர், அம்மன் விருத்தாம்பிகை.

முது = பழ = விருத்த. குன்றம் = மலை = அசலம் = கிரி. கணக்குப் போட்டது மாதிரி சரியாக இருக்கிறது. ஆனால் உண்மையில் இந்தச் சமன்பாடு சரிதானா? அதைச் சொல்ல ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் மலைக்கு எத்தனை சொல்?

திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்ற நிகண்டுகளைப் புரட்டினால் மலைக்கு வரிசையாகப் பெயர்கள் கிடைக்கும். குன்று, குன்றம், வரை, வெற்பு, பொருப்பு, சிலம்பு, ஓங்கல், கல்... இப்படிப் போகும். இவையெல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் மலையை ஒவ்வொரு இடத்தில் நின்று பார்த்திருக்கிறது.

ஓங்கல்: 'ஓங்கு' என்ற வினையிலிருந்து வந்தது. உயர்ந்து நிற்பது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவன் வைத்த பெயர்.

சிலம்பு: சிலம்புதல் என்றால் ஒலித்தல். கூப்பிட்டால் திரும்பக் கூப்பிடும் இடம் மலை. காலில் போடும் சிலம்பும் ஒலிப்பதுதான். இது மலையைக் காதால் அறிந்தவன் வைத்த பெயர் என்று சொல்லலாம்.

வரை: கோடு, எல்லை என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு. தூரத்தில் வானத்தை ஒட்டி ஒரு கோடு மாதிரி தெரிகிற மலைத்தொடரை நினைத்தால் பொருத்தம் புரியும். ஒரு நாட்டின் எல்லையாக மலை இருப்பதும் பழைய வழக்கம்தான்.

கல்: ஒரே பாறையாக நிற்கும் மலை. நாமக்கல்லும் திண்டுக்கல்லும் கண்முன்னே இருக்கும் உதாரணங்கள். அந்த ஊர்களுக்குப் போனவர்களுக்கு ஏன் 'மலை' என்று முடியாமல் 'கல்' என்று முடிகிறது என்று விளக்க வேண்டியதே இல்லை.

கோடு: விலங்கின் கொம்புக்கும் கோடு என்று பெயர், மலை உச்சிக்கும் கோடு என்று பெயர். திருச்செங்கோடு இப்படி வந்த பெயர்.

குன்று: சிறிய மலை. குன்றக்குடி, குன்றத்தூர், திருப்பரங்குன்றம், திருக்கழுக்குன்றம் என்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. 'குன்றுதல்' என்றால் குறைதல், சிறுத்தல் என்றும் ஒரு வினை தமிழில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேரா என்பதை ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் தமிழ் பேசுகிறவர் காதில் குன்று என்ற சொல் 'பெரியதல்ல' என்றுதான் விழுகிறது.

மலை: எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய சொல். மலையாளத்தில் மல, கன்னடத்தில் மலெ. மலையாளம் என்ற மொழியின் பெயரிலேயே மலை இருக்கிறது. இந்தச் சொல் வடக்கேயும் போயிருக்கிறது. வடமொழியில் வரும் 'மலய' பர்வதம் தமிழ் முதலான தென்மொழிகளின் மலைதான் என்பது மொழியறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. 'மலயமாருதம்' என்ற ராகத்தின் பெயரில் இருப்பதும் இதே மலை. ஆக, சொற்கள் வடக்கிலிருந்து தெற்கே மட்டும் வரவில்லை, இங்கேயிருந்தும் போயிருக்கின்றன.

குறிஞ்சி என்று மலைநிலத்துக்குத் தனியாகத் திணையே வகுத்தவர்களிடம் மலைக்கு இத்தனை சொல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பார்த்தவன், கேட்டவன், எல்லை காத்தவன் என ஆளுக்கொரு சொல் கொடுத்திருக்கிறார்கள்.

அசையாதது அசலம்

இப்போது வடமொழிப் பக்கம். 'சல' என்றால் அசைவது. சலனம், சஞ்சலம் எல்லாம் இதோடு சேர்ந்தவை. முன்னால் 'அ' போட்டால் அசலம், அதாவது அசையாதது. மலைக்கு 'நக' என்றும் ஒரு பெயர் உண்டு. அதற்கும் 'போகாதது' என்றுதான் பொருள். மரத்துக்கும் இதே பெயரைச் சொல்வார்கள், அதுவும் இருந்த இடத்தை விட்டுப் போகாது அல்லவா!

இதற்குப் பின்னால் ஒரு சுவையான புராணக் கதை இருக்கிறது. ஒரு காலத்தில் மலைகளுக்குச் சிறகு இருந்ததாம். நினைத்த இடத்துக்குப் பறந்து போய் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்குத் தொல்லை கொடுத்தனவாம். இந்திரன் அவற்றின் சிறகுகளை வெட்டிப் போட்டான். மைநாகம் என்ற மலை மட்டும் கடலுக்குள் ஒளிந்து தப்பித்தது. ராமாயணத்தில் அனுமன் கடலைத் தாண்டும்போது எழுந்து வருவது இந்த மைநாகம்தான். 'அசையாதது' என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

'சைலம்' என்ற சொல் சிலை, அதாவது கல் என்பதிலிருந்து வந்தது. ஸ்ரீசைலம் நினைவுக்கு வரலாம். நம்முடைய 'கல்' போலவே எண்ணம் ஓடியிருக்கிறது.

தமிழின் ஓங்கல் மேலே எழுவதைச் சொல்கிறது, வடமொழியின் அசலம் அசையாமல் இருப்பதைச் சொல்கிறது. ஒரே மலையைப் பார்த்த இரண்டு மொழிகளுக்கு இரண்டு வேறு விஷயங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. இதில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று சண்டை போட எதுவும் இல்லை.

குன்று மலையாக வளர்ந்தது

பிரச்சினை மொழிபெயர்க்கும்போது வருகிறது. முதுகுன்றம் என்றால் பழைய குன்று. சிறிய மேடு. கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியாக இருக்கும் ஆற்றங்கரையில் ஒரு சின்ன மேடு இருந்தாலே அதைக் குன்றம் என்று சொல்ல நியாயம் உண்டு. ஆனால் விருத்தாசலம் என்றதும் அது அசைக்க முடியாத மலை ஆகிவிட்டது. பெயரைப் பார்த்து வருகிறவர் மலையைத் தேடுவார், ஏமாந்து போவார். 'பழமலை' என்று சொன்னபோதே இந்த வளர்ச்சி தமிழுக்குள்ளேயும் நடந்திருக்கிறது. ஆகவே வடமொழியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

'முது' என்பதும் மாறியிருக்கிறது. விருத்த என்ற வடசொல் வளர்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. விருத்தி, அபிவிருத்தி எல்லாம் அதே குடும்பம். வளர்ந்து முதிர்ந்தவர் விருத்தர், அதாவது கிழவர். ஆக முதுகுன்றத்தில் இருந்தது 'சிறியது' என்ற எண்ணம், விருத்தாசலத்தில் வந்தது 'வளர்ந்தது' என்ற எண்ணம். எவ்வளவு தூரம் பாருங்கள்!

அம்மன் பெயரிலும் இது தெரியும். தமிழில் பெரியநாயகி. பெரிய தலைவி என்று பொருள். வடமொழியில் விருத்தாம்பிகை, முதிய தாய். இந்த முதுமையை வைத்து ஒரு கதையே பிறந்தது. குரு நமசிவாயர் என்ற துறவி திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இங்கே தங்கினார். பசி எடுத்தது. அம்மனை முதியவளாகப் பாடிச் சோறு கேட்டார். அம்மனோ, "கிழவியால் எப்படி நடந்து வந்து சோறு கொண்டுவர முடியும்?" என்று கேட்டாளாம். பிறகு இளமையாக வைத்துப் பாடினார். அம்மன் இளம்பெண்ணாக வந்து சோறு கொடுத்தாள். அதனால் இங்கே பாலாம்பிகை என்றும் ஒரு அம்மன். மலைக்குச் சொன்ன அடைமொழி அம்மனுக்கு ஏறி, அதிலிருந்து இன்னொரு அம்மனும் கிடைத்துவிட்டாள்.

இந்த ஊரோடு சேர்ந்த இன்னொரு கதையும் இங்கே பொருத்தமாக இருக்கும். சுந்தரருக்கு இறைவன் 12,000 பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார். சுந்தரர் சந்தேகத்துக்கு அந்தப் பொன்னில் ஒரு துண்டு வெட்டி மாதிரியாக வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்து உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. மறுபடி பாடிய பிறகுதான் சரியானது. ஊர்ப்பெயரை ஒரு மொழியில் போட்டு இன்னொரு மொழியில் எடுக்கிறவர்களும் கையில் ஒரு மாதிரித் துண்டு வைத்துக்கொள்வது நல்லது.

இப்படி மாறியது இந்த ஊர் மட்டும் இல்லை. மறைக்காடு வேதாரண்யம் ஆனது (மறை = வேதம், காடு = ஆரண்யம்). ஆனால் அது முதலில் மான் வகையான 'மரை' வாழ்ந்த மரைக்காடாக இருந்திருக்கும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அப்படியானால் மொழிபெயர்த்தவர் ஒரு எழுத்தைத் தவறாகக் கேட்டு ஒரு காட்டையே வேதம் ஓத வைத்துவிட்டார்! மொழிபெயர்ப்பு இப்படித்தான். இரண்டு பொருளுக்கு இடம் கொடுத்த ஒரு பெயரை ஒரே பொருளில் பூட்டிவிடும்.

சொல்லைச் செய்தவர்கள்

ஒரு ஊர்ப்பெயரை உட்கார்ந்து மொழிபெயர்ப்பது ஏறக்குறைய புதுச்சொல் செய்கிற வேலைதான். அப்படியானால் முழு மொழியையே செய்தவர்கள் மலைக்கு என்ன சொல் வைத்தார்கள் என்று பார்ப்பது உதவும்.

1887-ல் வார்சாவில் ஸாமென்ஹாஃப் என்ற கண் மருத்துவர் எஸ்பெராண்டோ என்ற மொழியை வெளியிட்டார். எல்லா நாட்டாரும் சுலபமாகக் கற்க வேண்டும் என்பது நோக்கம். அதில் மலை 'மோன்ட்டோ'. சிறுமையைக் குறிக்க நடுவில் 'எட்' சேர்த்தால் 'மோன்ட்டேட்டோ', அதாவது குன்று. 'ஆர்' சேர்த்தால் 'மோன்ட்டாரோ', மலைத்தொடர். ஒரு வேர் தெரிந்தால் போதும், மூன்று சொல் கைக்கு வந்துவிடும். மனப்பாடச் சுமை குறைவு. ஆனால் இங்கே குன்று என்பது 'சின்ன மலை' மட்டுமே. அதற்கென்று சொந்த முகம் இல்லை.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் நேர் எதிரான வழியில் போனார். அவர் மொழியியல் பேராசிரியர். தன் கதையில் வரும் எல்ஃப் இனத்தாருக்காக மொழிகளைப் படைத்தபோது சொல்லை மட்டும் செய்யவில்லை, அதன் வேரையும் செய்தார். 'மேலே' என்ற பொருளுள்ள 'அம்' என்ற வேரிலிருந்து குன்றுக்கு 'அமோன்'. 'உயர்தல்' என்ற பொருளுள்ள 'ஓரோ' என்ற வேரிலிருந்து மலைக்கு 'ஓரோட்'. கதையில் வரும் நெருப்பு மலைக்கு ஓரோட்ருயின் என்று பெயர். ஓங்கு என்பதிலிருந்து ஓங்கல் வந்தது போலவே இருக்கிறது அல்லவா? டோல்கீன் தமிழைப் பார்த்துச் செய்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மலையைப் பார்க்கிற மனிதன் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், அதனால் வந்த ஒற்றுமை.

டோல்கீன் இன்னொரு நுட்பமும் செய்தார். கதையில் ப்ரீ என்று ஒரு ஊர், பக்கத்தில் ப்ரீ ஹில். பழைய கெல்டிக் மொழியில் 'ப்ரீ' என்றாலே குன்றுதான்! ஆக அது 'குன்றுக் குன்று'. ஒரு இனத்தார் வைத்த பெயரின் பொருள் தெரியாமல் அடுத்து வந்த இனத்தார் தங்கள் சொல்லையும் ஒட்டிவிடுகிறார்கள் என்பதைக் காட்ட இப்படிச் செய்தார். இங்கிலாந்தில் நிஜமாகவே பெண்டில் ஹில் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் 'ஹில்' என்ற பொருள் மூன்று முறை வருகிறது.

சிரிக்க வேண்டாம், நம்மிடமும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் பர்வதமலை (மலைமலை). நீலகிரி மலை, வெள்ளியங்கிரி மலை (கிரியும் மலைதான்). ஆங்கிலத்தில் எழுதும்போது ஆனைமலை ஹில்ஸ், பச்சைமலை ஹில்ஸ். பல மொழிக்காரர்கள் ஒரே மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்கள் என்பதற்கு இவையே சாட்சி. ஒரு கற்பனை உலகத்துக்கு வரலாறு இருப்பதாகக் காட்ட டோல்கீன் யோசித்துச் செய்ய வேண்டியிருந்ததை நம் ஊர்கள் யோசிக்காமலே செய்து வைத்திருக்கின்றன.

சரி, மலை எங்கே?

கோயில் கதை இப்படிச் சொல்கிறது. பிரம்மன் மலைகளைப் படைப்பதற்கு முன்பே சிவபெருமான் இங்கே மலையாக நின்றார். எல்லா மலைக்கும் மூத்தது என்பதால் பழமலை. அந்த மலை இப்போது பூமிக்குள் அழுந்திக் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். இதே கோயிலில் பல படிகள் இறங்கிப் போய்க் கும்பிட வேண்டிய ஆழத்துப் பிள்ளையார் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மலையும் கீழேதான் இருக்கிறது என்று நம்புவது கஷ்டமாக இருக்காது.

நிலவியல் சொல்வது வேறு, ஆனால் அதுவும் சுவையானது. விருத்தாசலத்துக்கு மேற்கே மிகப் பழைய பாறைகள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் கிரெட்டேசியஸ் காலக் கடல் படிவுகளும் உண்டு. அரியலூர், புதுச்சேரிப் பகுதிகளைப் போல இங்கும் அந்தக் காலத்தில் கடல் இருந்தது. கிழக்கே போனால் கடலூர் மணற்கல்லும் நெய்வேலி நிலக்கரியும். பழைய பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் நீண்ட காலம் மழையிலும் நீரிலும் சிதைந்தால் வெள்ளைக் களிமண் ஆகும். பீங்கானுக்கு அடிப்படையே இந்த மண்தான். எந்த வெள்ளைக் களிமண்ணும் ஒரு காலத்தில் பாறையாக இருந்ததுதான்.

இந்த மண்ணுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் 'கயோலின்'. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? சீனாவில் பீங்கானுக்குப் பெயர்போன ஜிங்டெசென் நகரத்துக்குப் பக்கத்தில் காவ்லிங் என்று ஒரு இடம். 'காவ்' என்றால் உயர்ந்த, 'லிங்' என்றால் மலைமுகடு. பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரெகோல் 1712-ல் அங்கிருந்து எழுதிய கடிதத்தில் பீங்கான் செய்யும் முறையை விவரித்தார். அதன் வழியாக அந்த மலைமுகட்டின் பெயர் ஐரோப்பாவுக்குப் போய் மண்ணின் பெயரானது. சீனத்தில் மலை, மற்ற மொழிகளில் களிமண்! நம் 'பீங்கான்' என்ற சொல்லோ பாரசீகத்திலிருந்து வந்தது.

பெயர்கள் எங்கே போயின?

1982-ல் மாயூரம் மறுபடி மயிலாடுதுறை ஆனது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டலைத் திருத்தினால் ஒலி சரியாகும். ஆனால் குன்று எப்படி அசலம் ஆனது என்பது எழுத்துக்கூட்டலில் தெரியாது.

விருத்தாசலம் என்ற பெயரை வெறும் அந்நியப் பெயர் என்று தள்ளிவிடவும் முடியாது. அது மனிதர்களின் பெயராக வாழ்ந்திருக்கிறது. 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம்தான் பிற்காலத்தில் புதுமைப்பித்தன். தமிழ்ச் சிறுகதையை மாற்றியவரின் இயற்பெயர் இந்த ஊர்ப்பெயர். 'சனங்களின் கதை' எழுதிய கவிஞர் பழமலய் பெயரில் இருப்பது பழமலை. 2006-ல் விருத்தாசலம் தொகுதியில் ஜெயித்த விஜயகாந்த், 2010-ல் தானே இயக்கி நடித்த படத்துக்கு வைத்த பெயர் 'விருதகிரி'. பேச்சில் விருத்தம் விருதாக மாறிவிட்டது. கிழம் போய்ப் பட்டம் வந்துவிட்டது! இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

விருத்தாசலமும் பழமலையும் இப்படி ஆட்பெயர்களில், சினிமாவில், ரயில்வே போர்டில் என்று எங்காவது இருந்துகொண்டே இருக்கின்றன. முதுகுன்றம்தான் தேவாரம் ஓதுகிற இடத்தோடு நின்றுவிட்டது. அந்த ஊரின் அளவைச் சரியாகச் சொன்ன பெயர் அது ஒன்றுதான். பெயர்ப்பலகையை மாற்றுவதும் மாற்றாததும் அரசாங்கத்தின் வேலை. 'விருத்தாசலத்தில் மலை எங்கே?' என்று யாராவது கேட்டால், அது மலை இல்லை, குன்று என்று சொல்வதற்காவது அந்தப் பழைய பெயரைத் தெரிந்து வைத்திருக்கலாம்.